இன்னும் கொஞ்சம் கனம்

“இதைவிட கனமா ஏதாச்சும் இருக்கா?”

நானும் டோரீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்ட பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். காலில் மலையேறும் பூட்ஸ். கையில் அறுநூறு பக்கத் தோட்டக்கலைப் புத்தகம்.

மேற்குக் கடலில் கால் நனைத்துவிட்டுக் கிழக்குக் கடல் வரைக்கும் நடந்தே போகிற கிறுக்கர்கள், பாதி வழியில் எங்கள் ஊரில்தான் ஒரு நாள் ஓய்வெடுப்பார்கள். கோட்டையைச் சுற்றுவார்கள், சந்தையில் தின்பார்கள், பிறகு, தானமாக வரும் பழைய சாமான்களை விற்கும் எங்கள் சேரிட்டி கடைக்கு வந்து பையில் இருப்பதில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பைனாகுலர், ஹேர் டிரையர், ஒருமுறை ஒரு டோஸ்டர்கூட. பதினோரு வருடமாக பாரம் குறைக்க வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறோம். ஏற்றிக்கொள்ள வந்தவள் இவள்தான் முதல்.

டோரீனுக்கு வாய் சும்மா இருக்காது. “அந்தக் காலத்து இஸ்திரிப் பெட்டி ஒரு ஜோடி கிடக்கு. முழு இரும்பு. கதவுக்கு முட்டுக் கொடுக்க வெச்சிருக்கோம். வேணுமா?”

அவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. “இது சரியா இருக்கும்.”

“இருக்கும் இருக்கும். மலை மேல ஆடெல்லாம் பாக்குமில்ல, மடிப்புக் கலையாம போக வேண்டாமா?”

அவள் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். டோரீன் விடவில்லை.

“அதோ சர்ச் பெஞ்சுல உக்காந்திருக்காரே, உங்க வீட்டுக்காரர்தானே? நேத்து நீங்க ஊருக்குள்ள வர்றப்பவே பாத்தேன். நீங்க கழுதை மாதிரி சுமந்துட்டு வர்றீங்க, அவர் கையை வீசிட்டு வர்றார். நல்ல மனுஷன்.”

அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“கீத்துக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி எட்டு மாசம்தான் ஆகுது. இந்த நடைக்காகவே வலியோட தினம் மாடிப்படி ஏறி இறங்கினார். முதல் நாள் நான் பாட்டுக்கு முன்னாடி போயிட்டேன். அவர் ஒரு மைல் பின்னாடி. அன்னைக்கு சாயங்காலமே ரயில் டைம்டேபிளை எடுத்து வெச்சுட்டார். ‘லொரைன், உனக்கு நான் இடைஞ்சல், வீட்டுக்குப் போயிடறேன்’னார்.”

“ஐயோ.”

“மறுநாள் என் பையில ரெண்டு கல்லைப் போட்டுக்கிட்டேன். என்னாலயும் வேகமா நடக்க முடியலை. அவரும் டைம்டேபிளைத் தொடலை. ஆனா நாலு நாளா அவர் இன்னும் மெதுவாயிட்டார். கல்லு போதலைங்க. அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.”

“என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது” என்றாள் டோரீன். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிய விஷயம். இஸ்திரிப் பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். “இன்னொண்ணை எடுத்து வெக்கறேன். நாலு மணி வரைக்கும் கடை இருக்கும்.”

லொரைன் போன பிறகு டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து கீத்தே உள்ளே வந்தார். முகமெல்லாம் வியர்வை. “கைத்தடி ஏதாச்சும் இருக்குமா?”

டோரீன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். “உக்காருங்க. கால் ரொம்ப வலிக்குதா?”

“வலியா? கோட்டைக் கோபுரத்துல ஏறிட்டு வர்றேன். நூத்திமுப்பது படி. ரெண்டு தடவை ஏறினேன். மூட்டு வலியெல்லாம் மூணாம் நாளே போயிடுச்சு.” வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா.”

“அப்ப கைத்தடி எதுக்கு?”

“அவளுக்காகத்தான். முதல் நாள் என்னை விட்டுட்டு ஓடினவ, இப்ப அந்தப் பையைத் தூக்கிட்டு மூச்சு வாங்கறா. என்கிட்ட கொடுன்னாலும் கொடுக்க மாட்டேங்கறா. தனக்கு வயசாயிடுச்சுன்னு அவ நினைச்சுடக் கூடாது பாருங்க, அதான் நானும் ஆமை மாதிரி நடக்கறேன். அப்படியும் அவளால முடியலை. நாளையிலேருந்து தடியை ஊணிக் கொஞ்சம் நொண்டறேன். என்னாலதான் நேரமாகுதுன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா வருவா.”

டோரீன் வாயைத் திறந்தாள். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டாள். அவளை அவ்வளவு வேதனையோடு நான் பார்த்ததே இல்லை.

கீத் இருப்பதிலேயே தடியான கைத்தடியாகப் பார்த்து எடுத்தார். அலமாரிக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டு தரம் நொண்டிப் பார்த்துக்கொண்டார். திருப்தியாக இருந்தது போல, வெளியே போனார்.

ரொட்டிக் கடையிலிருந்து லொரைன் வந்துகொண்டிருந்தாள். சந்தை நடுவே தடியை ஊன்றி நொண்டிவரும் கணவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பி எங்கள் கடையைப் பார்த்தாள்.

டோரீன் ஒரு பெருமூச்சு விட்டு, மிச்சமிருந்த இஸ்திரிப் பெட்டியைத் துடைத்து மேஜை மேல் வைத்தாள்.