தைத்த டயரின் தடம்

ஸான்ஸ்காரின் கரடுமுரடான மலைப்பாதையில் ரிக்ஸினும் அவன் மனைவி சுஸ்கிட்டும் ஐந்தாவது நாளாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் பனி உருகி ஓடை பெருகிவிடும். அதற்குள் கடக்காவிட்டால் ராத்திரி வெட்டவெளியில் விறைக்க வேண்டியதுதான்.

எதிரே மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீளச் சுவர் வந்தது. அதன் இடப்பக்கமாகப் போவதுதான் வழக்கம். குறுக்குவழியோ வலப்பக்கம் இருந்தது.

"இன்னிக்கு ஒருநாள் புத்தர் கண்டுக்க மாட்டார்," என்றான் ரிக்ஸின்.

"எங்கம்மா கண்டுக்குவாங்க. அப்புறம் வாழ்நாளுக்கும் உங்களுக்கு வெண்ணெய் டீ கிடையாது!"

சிரித்தபடி வலப்பக்கம் திரும்பியவன் சட்டென்று பிரேக் பிடித்தான். இடப்பக்கத்துப் புழுதியில் புத்தம்புதிதாக இரண்டு சைக்கிள் தடங்கள் போயின. ஒன்றில் கோணல் தையல் பதிந்திருந்தது. கிழிந்த டயரை அன்று காலை யாக் எருமையின் மயிர்க் கயிற்றால் அவன் தைத்த அதே தையல்.

"நாம இன்னும் அந்தப் பக்கம் போகவே இல்லையேங்க," என்றாள் சுஸ்கிட்.

இடப்பக்கம் திரும்பி, அந்தத் தடங்களை ஒட்டியே மிதித்தார்கள். சுவர் முடிந்த இடத்தில் குறுக்குவழியும் வந்து சேர வேண்டும். அது வரவில்லை. மலை சரிந்து அதை விழுங்கியிருந்தது. பள்ளத்தில் இன்னும் புழுதி அடங்கவில்லை. சுஸ்கிட் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைகூப்பினாள்.

ஓடையில் கணுக்காலளவுதான் தண்ணீர். அக்கரை ஏறி ரிக்ஸின் திரும்பிப் பார்த்தான். வந்த வழி நெடுக, முன்பே இருந்தவை இரண்டு, இப்போது அவர்கள் பதித்தவை இரண்டு என நான்கு தடங்கள் இருந்திருக்க வேண்டும்.

இரண்டுதான் இருந்தன.