ஹார்ன் இல்லாத ஆட்டோ

பெங்களூரு ஆஸ்டின் டவுன் பிரவுசிங் சென்டரில் சிந்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் உருவாக்கி இன்டர்நெட்டில் இலவசமாக விட்டிருக்கும் ஆட்டோ ஓட்டும் கம்ப்யூட்டர் ஆட்டத்தை, பக்கத்துக் கம்ப்யூட்டரில் முன்பின் தெரியாத ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஆடியவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் எழுதி அனுப்புகிறார்கள்: ஹார்ன் எங்கே? திங்கட்கிழமைக்குள் அதை வைக்காவிட்டால் ஆட்டத்தையே தூக்கிவிடுவதாக அவளுடைய கம்பெனி மேனேஜர் சொல்லியிருக்கிறார். வைட்ஃபீல்டுக்குப் போய்வரும் ஆபீஸ் பஸ்ஸில் ஹார்ன் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகிப்போன சிந்து, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. திரையில் மஞ்சள் ஆட்டோவுக்கு முன்னால் ஒரு மாடு படுத்திருக்கிறது. அது தானாக எழுந்து போகும்வரை பொறுத்திருக்க வேண்டும், ஆட்டமே அதுதான். அந்தப் பெண்ணோ ஸ்பேஸ் பாரைப் படபடவென்று தட்டுகிறாள். அவளுடைய கண்ணாடி வளையல்கள் மேஜையில் இடிபடுகின்றன. வெளியே சிக்னலில் நிஜ வண்டிகள் அலறுகின்றன. சிந்து நகத்தைக் கடிக்கிறாள். "என்னா ஆட்டோங்க இது? ஹார்னே இல்ல!" என்று சிந்துவிடம் அலுத்துக்கொண்ட அந்தப் பெண், திரைப் பக்கம் குனிந்து வாயாலேயே "பாம், பாம்" என்கிறாள். மாடு எழுந்து நகர்கிறது. "பாத்தீங்களா, கேட்டுச்சு!" என்று அவள் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புகிறாள். அந்த மாட்டுக்குக் காதே வைக்காத சிந்து, "ஆமாங்க, கேட்டுச்சு" என்கிறாள்.