நூற்றுக்கு இரண்டு

நாலாம் நம்பர் குதிரை முதலாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. கடை வாடகைக்குப் பிடிக்க அட்வான்சுக்குச் சேர்த்த பணத்தை, பந்தயம் கட்டச் சொல்லி மனைவியின் அண்ணனிடம் ஒப்படைத்திருந்த மாப்பிள்ளை, "நம்ம நாலு, மச்சான்!" என்று துள்ளுகிறார். ரேஸ் மைதானமே 'புரொபசர்' என்றழைக்கும் மச்சான் துள்ளவில்லை. ஒரு குதிரை மீது கையிருப்பில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கட்டக் கூடாது என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்ட அவருடைய நோட்டிலிருந்து ஒரு பந்தயச் சீட்டு நழுவி விழுகிறது. குனிந்து எடுக்கிறார் மாப்பிள்ளை. வெயிலில் எண் பளிச்சென்று தெரிகிறது: ஏழு. தொகை, கொடுத்த பணம் மொத்தமும். ஏழாம் நம்பர் இப்போதுதான் புழுதியைத் தின்றபடி வந்துகொண்டிருக்கிறது. "நாலுன்னு நீங்கதானே மச்சான் சொன்னீங்க?" "நாலு ஊருக்குச் சொல்றது, மாப்ளே. ஏழு என் சொந்தக் கணிப்பு." மாப்பிள்ளையின் விரல்கள் சீட்டின் மேல் இறுகுகின்றன. புரொபசர் பதறிப்போகிறார்: "ஐயோ, கசக்கிடாதீங்க! ஆராய்ச்சிக்கு நோட்டுல ஒட்டணும்."