விரலுக்குத் தெரிந்த நம்பர்

கிளப் மைதானத்தில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி நின்றுபோயிருந்தது. எஞ்சின் நம்பர் தெரிந்தால்தான் பார்ட்ஸ் வரும்.

"ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக்குங்க ரெண்டு பேர் தேடியும் கெடைக்கல. இவரால முடியுமா?" என்று இழுத்தார் மேனேஜர்.

"ஒரு வாட்டி விட்டுப் பாருங்க சார்," என்று கெஞ்சினாள் ரத்தினம்மா. கணவன் ஏகநாதனுக்கு இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

ஏகநாதன் எஞ்சினின் அடிப்பக்கம் தடவினான்.

"இன்னா சார், நம்பர் மேலயே பெயின்ட் அடிச்சி வெச்சிருக்கீங்க? எழுதிக்குங்க. ஏழு, மூணு, ஒண்ணு, எட்டு." ஆயிலை விரலில் தேய்த்தான். "நெறநெறங்குது. மாத்தி ரொம்ப நாளாச்சா?"

மேனேஜர் பெயின்ட்டைச் சுரண்டினார். அதே நம்பர்!

"நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க!"

"வரேன் சார். ஓட்றதுக்கு மட்டும் வேற ஆளை வெச்சிக்குங்க," என்று சிரித்தான்.

சுரங்க வெடியில் பார்வையிழந்த கணவனின் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, தலைநிமிர்ந்து நடந்தாள் ரத்தினம்மா.