நிலவறைக் குளிர்

பிரான்சிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய கற்களால் கட்டிய துபாய் ஹோட்டல் நிலவறையில், சென்னை வியாபாரி ஒருவரின் குடும்பம் ஒயின் ருசிக்க உட்கார்ந்திருக்கிறது. மேலே ஜூலை வெயில். இங்கே எல்லோருக்கும் பல் தந்தியடிக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒயின் கோப்பைகள் யாரும் தொடாமல் சிவந்து நிற்கின்றன. ஹோட்டல் ஊழியை வதனா தனியாகப் பொறுப்பேற்று நடத்தும் முதல் விருந்து இது. மறுபடியும் பின்கதவுக்கு ஓடுகிறாள். "அண்ணை, ஏசியை நிப்பாட்டட்டாம்." நிலவறையைப் பராமரிக்கும் நாகலிங்கம் அசையவில்லை. "நிறுத்துனா அத்தனை பாட்டிலும் கெட்டுரும் மேடம்." "அப்ப நான் அவையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?" அவர் பாட்டில்களை அடுக்கப் போய்விடுகிறார். வதனா திரும்பி வந்தால், வியாபாரியின் மனைவி மேசைவிரிப்பை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். கரண்டிகள் தரையில் கிடக்கின்றன. "சூடா டீ கிடைக்குமாம்மா?" அவர் கேட்டதும் எல்லாக் கைகளும் உயர்கின்றன. வதனா பல்லைக் கடித்துக்கொண்டு இஞ்சி டீ வரவழைக்கிறாள். ஆவி பறக்கும் குவளைகளை இரண்டு கைகளாலும் பொத்தி, முகர்ந்து, கண்மூடி உறிஞ்சுகிறார்கள். "ஆஹா, என்ன வாசனை! இது எந்த வருஷத்து சரக்கு?" என்கிறார் வியாபாரி. நிலவறை முழுக்கச் சிரிப்பு எதிரொலிக்கிறது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்த ஒயின் விளக்கங்களை விழுங்கிக்கொண்டு, வதனா குனிந்து கரண்டிகளைப் பொறுக்குகிறாள்.