ரெண்டு சட்டை போட்ட வரிசை

கல்யாண மண்டபத்துக் கணினிக்குள் வரிசை என்றொரு லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்களுக்குக் கூப்பிட்டதும் உதவும் குட்டி நிரல், வாழ்ந்தது. பெயர்களை அகரவரிசையில் அடுக்கித் தருவது அதன் வேலை. பந்திக்கு ஆள் அழைக்கும் பழைய புரோகிராம் தணிகாசலத்துக்கும், விருந்தினருக்கு வரவேற்புச் செய்தி அனுப்பும் புதுப் புரோகிராம் மிருணாவுக்கும் அதுதான் கைகொடுத்தது.

முகூர்த்தத்தன்று இவர்கள் மூவரும் பேசும் கணினி மொழியின் புதிய பதிப்பு வந்திறங்கியது. வரிசை உடனே புதுப் பதிப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு துள்ளியது.

"தம்பி, பேரை அடுக்குப்பா" என்றார் தணிகாசலம்.

"ஒண்ணும் புரியலையே பெரியவரே! புதுப் பதிப்புல அடைப்புக்குறி போட்டுத்தான் பேசணும்!"

"என் வாயில அதெல்லாம் நுழையாது" என்று அவர் மல்லாந்து படுத்துவிட்டார். பந்தி நின்றது. பாயசம் ஆறியது.

பதறிய வரிசை பழைய சட்டைக்கு மாறியது. அவர் எழுந்தார், அதற்குள் புதுப் பதிப்புக்கு மாறியிருந்த மிருணா பொத்தென்று விழுந்தாள். புதுச் சட்டை போட்டது. மிருணா எழுந்தாள், அவர் சாய்ந்தார். கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, வரிசைக்குத் தலை கிறுகிறுத்துச் சிரிப்பே வந்துவிட்டது.

"அண்ணா, ஆளுக்கொரு அறை போட்டுக்கலாம். நீங்க ரெண்டு பேரா ஆயிடுங்க!" என்று கத்தினாள் மிருணா.

அப்படியே ஆனது. தணிகாசலத்தின் அறையில் பழைய சட்டை வரிசை, மிருணாவின் அறையில் புதுச் சட்டை வரிசை. பந்தி களைகட்டியது.

சாப்பாடு முடிந்ததும் தணிகாசலம் மெல்லக் கேட்டார்: "உண்மையைச் சொல்லு, உனக்கு யாரு முக்கியம்?"

அடுத்த அறையில் மிருணாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான்!" என்றது ஒரு வரிசை. "நீதான்!" என்றது இன்னொன்று. இரண்டுமே பொய் சொல்லவில்லை.