விசுவாசம் முப்பத்தெட்டு

“உங்கள் குடும்பத்தின் விசுவாசம் நூற்றுக்கு முப்பத்தெட்டு. கிறிஸ்தவ ஒதுக்கீட்டுக்கு அறுபது தேவை,” என்றது கான்வென்ட் பள்ளி வாசலில் இருந்த எந்திரம்.

“ஞாயித்துக்கிழமை பூசைக்கு எப்படி வர? ஆஸ்பத்திரியில எனக்கு டூட்டி. தாத்தா காலத்துலருந்து நாங்க வேதக்காரங்க. இதை யார்ட்ட போய்ச் சொல்ல?” என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

“பெற்றோர் கருத்துக்கு ஐந்து நட்சத்திரங்கள் உள்ளன. ஒன்றைத் தொடவும்.”

விசுவாசத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவர் உறுதி சொன்னால் மகளுக்கு இடம் உண்டாம். தெருவிலேயே அப்படி ஒருத்திதான் இருந்தாள். செவ்வாய் தவறாமல் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, அங்குள்ள கேமராவில் பதிவாகும் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். அவளுடைய விசுவாசம் தொண்ணூற்றொன்று.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து பேச்சியம்மாள் ரேகை வைத்தாள். “நல்ல கிறிஸ்தவக் குடும்பந்தான். நான் பொறுப்பு.”

எந்திரம் ஏற்றுக்கொண்டது.

திரும்பும்போது பேச்சியம்மாள் தணிந்த குரலில் சொன்னாள். “கோவிச்சுக்காத ஜெசிந்தா. நீயும் அப்பப்ப கோயிலுக்கு வரணும்ல.”